சக்களத்திக்கு ஞாபகசக்தி அதிகம்

என் வீட்டுக்காரர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. அதில் ஏறுகிற வித்தை இன்னும் எனக்குக் கைவரவில்லை. முதலில் பின்பக்கத்தை உள்ளே இறக்க வேண்டுமாம், அப்புறம் தலையைக் குனிய வேண்டுமாம், கடைசியாகக் காலை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்க வேண்டுமாம். இறங்குவது அதைவிடக் கேவலம். கதவைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்று ஒரு சத்தம் போட்டு, பாயிலிருந்து எழுந்திருப்பதுபோல் எழுந்திருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். "முட்டி வலிக்குதுங்க" என்றால், "கார்ல குறையில்ல, உன் முட்டியிலதான் குறை. எக்சர்சைஸ் பண்ணு" என்பார். இவர் பல் டாக்டர். வலி என்பது எப்போதும் அடுத்தவருடையது என்று இருபத்தைந்து வருடமாகப் பழகிப்போன மனுஷன்.

காருக்குக் கம்பெனிக்காரன் ஏதோ பெயர் வைத்திருக்கிறான். நான் வைத்த பெயர் சக்களத்தி. இவர் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் சொல்வேன். சிரித்துக்கொள்வார். திட்டினால்கூடப் பெருமையாக எடுத்துக்கொள்கிற அளவுக்கு முற்றிப்போன கேஸ்.

"இது ஷெட்ல பூட்டி வெச்சு அழகு பார்க்கிற சாமான் இல்ல. தினமும் ஓட்டலாம், வீட்டுக் கார் மாதிரிதான்" என்று சொல்லித்தான் வாங்கினார். தினமும்தான் ஓட்டுகிறார், தினமும் அனுபவிக்கிறவள் நான். இரண்டே சீட். டிக்கி முன்னால் இருக்கிறது, அதில் ஒரு சின்னப் பெட்டி போகும். மாதச் சாமான் வாங்கினால் அரிசிப் பை அங்கே, மற்றதெல்லாம் என் மடியில். முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காரில் ஒரு வேகத்தடையை ஏறி இறங்கிப் பார்த்தால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். பக்கத்துக் காரின் கதவு இடித்துவிடும் என்று எந்தக் கடைக்குப் போனாலும் கடைசி மூலையில் கொண்டுபோய் நிறுத்துவார். அங்கிருந்து கடைவாசலுக்கு நடை. மழை பெய்தால் நான் தொப்பலாக நனைவேன். வீட்டுக்கு வந்ததும் இவர் துண்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடுவார், காரைத் துடைக்க.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒரு கார்தான் நிறுத்தலாம். சக்களத்தி வந்த வாரமே என்னுடைய சின்ன வெள்ளைக் காரை விற்றுவிட்டார். பதினோரு வருடம் ஓட்டிய கார். "உனக்குத்தான் வாசல்லயே பஸ் இருக்கே" என்றார். அன்றிலிருந்து நான் பஸ்ஸில் போகிறேன், அது ராஜாத்தி மாதிரி நிழலில் நிற்கிறது.

அந்தக் காரில் இவர் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டியின் வயிறு தரையை உரசுகிற அளவுக்குத் தாழ்வு. செங்குத்தான சரிவில் ஏறினால் முன்பக்கத்தின் அடி தேய்ந்துபோகும். அதற்காக ஒரு பட்டன் வைத்திருக்கிறான். அழுத்தினால் 'உய்ங்' என்று ஒரு சத்தம் வரும், வண்டி மூக்கை நாலு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளும். அதோடு விட்டானா? ஒரு இடத்தில் மூக்கைத் தூக்கிவிட்டு, 'இந்த இடத்தை நினைவில் வை' என்று திரையில் தொட்டுவிட்டால் போதும். அடுத்த தடவை அந்த இடத்துக்கு மெதுவாக வந்தாலே தானாகத் தூக்கிக்கொள்ளும். எங்கள் அடுக்குமாடியின் சரிவில் முதல்முதலாக அது தானாகத் தூக்கியபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் பையன் முதல் அடி வைத்தபோதுகூட அப்படிப் பூரித்துப்போகவில்லை.

"பார்த்தியா? ஒரு தடவை சொல்லிக்குடுத்தா போதும். சாகுற வரைக்கும் மறக்காது."

"என் பொறந்த நாளையும் அதுகிட்டயே சொல்லி வைங்க. உங்களுக்குத்தான் தங்க மாட்டேங்குது" என்றேன். காதில் வாங்கினால்தானே.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவள். ஊரின் மறுகோடியில் இருக்கிறாள், இரண்டு பஸ் மாற வேண்டும். அவளோடு நான் பேசி மூன்று வருடம் ஆகிறது.

சண்டை எங்களுக்குள் இல்லை, சகலைகள் இருவருக்குள்தான். அத்தான் லிப்ட் கம்பெனியில் தலைமை மெக்கானிக். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். அவருக்குக் கடைவாய்ப் பல்லுக்கு இவர் ஒரு உறை போட்டுவிட்டார். மூன்று மாதத்தில் அது சாப்பிடும்போது கழன்று தட்டில் விழுந்தது. விழுந்ததா, பேசாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வர வேண்டியதுதானே? சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் கூடியிருந்த விருந்தில் அதை இரண்டு விரலில் தூக்கிக் காட்டி, "என் சகலை கைராசி! லிப்ட்ட நான் இப்படி மாட்டியிருந்தா இந்நேரம் பத்துப் பேர் செத்திருப்பான்" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வீட்டுக்கு வந்து, "இனிமே அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். நீயும் மிதிக்கக் கூடாது. போனும் பேசக் கூடாது. மீறிப் பேசினா நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று கத்தினார்.

கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. அக்கா போன் செய்தாள், இவர் பக்கத்திலேயே இருந்தார், நான் எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள், எடுக்கவில்லை. என் பிறந்த நாளுக்கு, "சின்னக் குட்டி, நல்லா இருக்கியா?" என்று ஒரு வரி அனுப்பினாள். அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன், பதில் போடவில்லை. வீட்டில் நிம்மதி போய்விடுமே என்ற பயம். அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இவர் எப்போதாவது வேண்டுமென்றே, "என்ன, உங்க அக்கா ஞாபகமா?" என்று கேட்பார். நான் எழுந்து குளியலறைக்குப் போய்விடுவேன். இவர் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது.

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு அம்மாள் வந்தாள், அக்கா தெருக்காரி. கண்ணாடிச் சட்டங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, "உங்க அக்கா வீட்டக் காலி பண்றாங்களாமே? அவர வெளிதேசத்துக்கு மாத்திட்டாங்களாம். நாலு வருஷமாம். அடுத்த திங்கக்கிழமை விமானமாம்" என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமா, ஆமா" என்றேன். அவள் மூக்கில் சட்டத்தைச் சரிசெய்தேன்.

அன்று சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன். "அக்கா ஊரை விட்டே போறாளாம். உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? அவங்களுக்கும் நமக்கும் என்ன இருக்கு?" என்று தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துட்டு வரேங்க."

"நான் சொன்னது சொன்னதுதான்." கை கழுவிக்கொண்டு காருக்குத் துணி மாட்டப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை இவர் பல் டாக்டர்கள் மாநாட்டுக்கு விமானத்தில் கிளம்பினார், மூன்று நாள். அந்தக் கார் இரண்டு நாள் சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும். அதற்குச் சார்ஜர் ஒன்று இருக்கிறது. ஆனால் பொது மின்சாரத்தைத் தனிக் காருக்கு எடுக்கக்கூடாது என்று அடுக்குமாடிச் செயலாளர் போன மாதம்தான் பிளக்கைப் பிடுங்கிப் பூட்டுப் போட்டார். அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும். வேறு வழியில்லாமல் இவர் சாவியை என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு தாள். பதினான்கு விதிகள், நம்பர் போட்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதியிருந்தார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எடுக்கவும். சுற்றுச்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டவும். எங்கும் நிறுத்தக் கூடாது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கவும். மூக்குப் பட்டனைத் தொடக் கூடாது, அது தானாகத் தூக்கிக்கொள்ளும். கதவைத் திறந்து வைத்துவிட்டு எங்கும் போகக் கூடாது, பேட்டரி செத்துவிடும்.

"எங்க போனாலும் என் போன்ல தெரியும். கதவத் திறந்தாக்கூடத் தெரியும்" என்றார்.

"என்னைப் பத்தியும் அப்படித் தெரிஞ்சுக்க ஏதாவது இருக்கா?"

"உன்ன எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டு டாக்சியில் ஏறினார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எடுத்தேன். மோதிரத்தைக் கழற்றவில்லை. சுற்றுச்சாலை வரைக்கும் ஒழுங்காகத்தான் போனேன். அக்கா வீட்டுப் பக்கம் திரும்புகிற இடம் வந்தது. உள்ளே போக வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம், வீட்டை மட்டும் வெளியிலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம். இவர் கேட்டால் வழி தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டு திருப்பிவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், கூடப்பிறந்தவள் வீட்டைப் பார்க்கத் திருடி மாதிரி போகிறேனே என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

தெருவுக்குள் நுழைந்து வேகத்தைக் குறைத்தேன். பச்சை கேட். சாலையிலிருந்து கேட்டுக்கு ஏறுகிற சிமெண்ட் சரிவு. அத்தான் தன் கையால் போட்டது, சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கும், சைக்கிளே மூச்சு வாங்கும். நான் ஒரு பட்டனையும் தொடவில்லை.

உய்ங்.

கார் மூக்கைத் தூக்கிக்கொண்டது.

திரையில் எழுத்து வந்தது. நினைவில் உள்ள இடம், முன்பக்கம் உயர்த்தப்படுகிறது என்று. ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ கோளாறு போல என்று திரையைத் தொட்டேன். நினைவில் இருக்கிற இடங்களை வரிசையாகக் காட்டியது, மொத்தமே நாலுதான். எங்கள் வீட்டுச் சரிவு. இவருடைய கிளினிக். பெட்ரோல் போடுகிற இடம். நாலாவது, நான் நின்றுகொண்டிருந்த அந்த வாசல்.

ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், சாகிற வரைக்கும் மறக்காது. சொல்லிக்கொடுத்தவர் யார்? அந்தச் சாவியை இவர் வேறு யாரிடமும் கொடுத்ததே கிடையாது. அந்த நாலாவது வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

கேட்டைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். கையில் பெட்டி ஒட்டுகிற டேப், தலையெல்லாம் தூசி. காரின் சத்தத்தைக் கேட்டு வந்திருக்கிறாள். உள்ளே இருப்பது யார் என்று பார்க்காமலே, "என்ன, இன்னிக்கே வந்துட்டீங்க? ஏதோ மாநாடுன்னு சொன்னீங்களே. அவர் இல்லையே, கயிறு வாங்கப் போயிருக்காரு. உள்ள ஏத்துங்க வண்டிய" என்றாள்.

நான் கதவைத் திறந்தேன். பின்பக்கம், தலை, கால் என்ற பாடமெல்லாம் மறந்துபோய், கதவைப் பிடித்துக்கொண்டு தடுமாறி எழுந்து நின்றேன். அக்கா அப்படியே நின்றுவிட்டாள். மூன்று வருடத்தில் முன்தலை முழுக்க நரைத்திருந்தது.

"நீயா?" என்றாள்.

"எத்தனை நாளாக்கா இவர் இங்க வர்றாரு?"

"என்ன கேள்வி இது? ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமையானா இங்கதானே. உனக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம். என்ஜின் சூடாக வேண்டும், நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டு ஓட்டினால்தான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போவார். நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன்.

அக்கா சொல்லச் சொல்லத்தான் முழுசும் வெளியே வந்தது. அத்தான் அந்தப் பல் உறையைத் தானே ஒட்டிப் பார்த்திருக்கிறார், மறுபடி கழன்றுவிட்டது. வேறு டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டு இவர் கிளினிக்குக்கே போயிருக்கிறார். இவரும் பேசாமல் ஒட்டிக்கொடுத்திருக்கிறார். அன்றைக்கே சகலைகள் ராசியாகிவிட்டார்கள். சண்டை நடந்து ஆறே மாதம்தான் ஆகியிருந்ததாம். அப்புறம் கார் வந்தது. அதைப் பார்த்து வாயைப் பிளக்க வீட்டில் ஆள் இல்லை, நான்தான் கரித்துக்கொட்டுகிறேனே. அத்தானோ மெக்கானிக். காருக்கு அடியில் படுத்துப் பார்த்து, "அடேயப்பா!" என்று சொல்கிற ஆள். அந்த 'அடேயப்பா'வுக்காக வாராவாரம் போயிருக்கிறார்.

"அப்போ என்னை ஏன்க்கா கூப்பிடல?"

அக்காவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "கூப்பிடலையா? வாராவாரம் கேட்டேன்டி. 'அவ ஏன் வரல, அவளயும் கூட்டிட்டு வாங்க'ன்னு வாய் வலிக்கச் சொன்னேன். 'அவளுக்கு இன்னும் கோவம் தீரல. உங்க பேர எடுத்தாலே எழுந்து போயிடுறா'ன்னு சொன்னாரு. போயிடுவியா, இல்லையா?"

"அழுறதுக்குப் போவேன்க்கா."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

பாவி மனுஷன் முழுப் பொய்கூடச் சொல்லவில்லை. நான் எழுந்து போனதையே எடுத்துக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்திருக்கிறார். வீட்டில் போட்ட சபதத்தை என்னிடம் வாபஸ் வாங்க இவருக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்கு விலையாக இரண்டரை வருடம் என் அக்காவை எனக்கு இல்லாமல் பண்ணிவிட்டார்.

"எல்லாம் அவர் செஞ்ச வேலைக்கா" என்று ஆரம்பித்தேன்.

"அவர் செஞ்சது இருக்கட்டும்" என்று அக்கா வெட்டினாள். "நான் போன் பண்ணினேன், நீ எடுக்கல. பொறந்த நாளைக்கு எழுதினேன். ஒரு வரி. அத நீ பார்த்தது எனக்குத் தெரிஞ்சுது. பதில் போட விரல் வரலையா உனக்கு? அதையும் அவரா பிடிச்சுக்கிட்டாரு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. இவரைத் திட்டுவதற்கு என்னிடம் ஆயிரம் வார்த்தை இருக்கிறது. இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தைதான் இருந்தது.

"பயந்துட்டேன்க்கா" என்றேன்.

"எதுக்கு? ஒரு பல்லுக்கா?"

காருக்குள் போன் அடித்தது. சீட்டில் வைத்திருந்தேன். குனிந்து எடுத்தேன், இவர்தான். அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டே காதில் வைத்தேன்.

"வண்டி ஏன் அங்க நிக்குது?" என்றார். குரலில் பதற்றம். எங்கே என்று கேட்கவில்லை. அது அவருக்குத்தான் தெரியுமே.

"தானா மூக்கைத் தூக்கிச்சுங்க. நான் எதையும் தொடல."

அந்தப் பக்கம் யாரோ மைக்கில் பேசுவது மட்டும் கேட்டது.

"இங்க பாரு, நான் வந்து எல்லாத்தையும் சொல்றேன். நீ நினைக்கிற மாதிரி இல்ல. முதல்ல வண்டிய எடு. தெருவுல நிறுத்தாத, எவனாவது உரசிடுவான். கதவு வேற திறந்திருக்குன்னு காட்டுது, பேட்டரி போயிடும்."

இவ்வளவுக்குப் பிறகும் பேட்டரி. நான் கத்தவில்லை. கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"வண்டி இங்கயேதான் நிக்கும். நீங்க வந்து எடுத்துக்குங்க. உங்களுக்குத்தான் வாசல்லயே பஸ் இருக்கே. ரெண்டு பஸ் மாறணும், அவ்வளவுதான்" என்றேன்.

"ஏய், அந்தக் கதவயாவது..."

போனை சீட்டிலேயே போட்டேன். சாவியையும் அங்கேயே போட்டேன். மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

அக்கா உள்ளே நடக்கத் தொடங்கியிருந்தாள். என்னை வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பின்னாலேயே போனேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. அவள் ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அதன் வாயைச் சேர்த்துப் பிடிக்க முடியாமல் ஒற்றைக் கையால் டேப்போடு மல்லுக்கட்டினாள்.

"எத்தனை நாள்க்கா இருக்கு?"

"நாளைக்கு ஒரு நாள். திங்கக்கிழமை காலையில விமானம்."

எனக்கு அழுகை வந்தது. எழுந்து குளியலறைக்குப் போகக் கால் தானாகத் திரும்பியது.

"எங்க போற? இங்கயே அழு" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "அழுதுட்டே இந்தப் பக்கத்தப் பிடி."

முட்டி வலிக்கத் தரையில் உட்கார்ந்து பெட்டியின் வாயை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தேன். வாசலில் கார்க் கதவு திறந்தேதான் கிடந்தது.